வேரடியில் 16 பாகை: வன்னி வளவில் வசாபி

யப்பானியர் காரத்துக்காக வளர்க்கும் குளிர்ப்பயிரான வசாபி வன்னியில் வராது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் வெயிலைக் காட்டுவார்கள். வெயிலை ஒரு நிழல் வலையும் நாலைந்து கிடுகும் மறைத்துவிடும். அது பெரிய வேலையே இல்லை. செடியைக் கொல்வது வேரடிச் சூடு. ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியை வைத்து அந்தச் சூட்டை இறக்கி, பங்குனி வெக்கையையும் சோளகக் காற்றையும் தாண்டி இலை பறித்து உண்டிருக்கிறேன். கிழங்கு மட்டும் சுண்டுவிரல் தடிப்பைத் தாண்டவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. எங்கள் வளவு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் இருக்கிறது. இதே செம்மண்ணும் இதே கிணற்றுத் தண்ணீரும் உள்ளவர்கள் செய்து பார்க்க விரும்பினால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் செடியின் குணம். வசாபி கடுகுக் குடும்பம். கோவாவுக்கும் முள்ளங்கிக்கும் உறவு. யப்பானின் மலை ஓடைக்கரைகளில் தானாக வளர்வது. சிசுவோக்கா மாகாணத்தில் உத்தோகி என்ற மலைக்கிராமத்தில் ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் அதைப் பயிராக நடத் தொடங்கினார்கள். படிப்படியாகக் கல்லும் மணலும் பரப்பி, ஊற்று நீர் இரவும் பகலும் வழிந்தோட விட்டு வளர்க்கும் அந்த முறையை 2018 இல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஓடுகிற தண்ணீர் 12 முதல் 15 பாகை செல்சியஸ். காற்று 8 முதல் 20 பாகைக்குள் இருந்தால் செடிக்குச் சுகம். அப்படி இருந்தும் கிழங்கு தேற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். அதனால்தான் விலையும் அப்படி. கடைகளில் குழாயில் அடைத்து விற்கிற பச்சைப் பசை பெரும்பாலும் குதிரை முள்ளங்கி என்ற ஐரோப்பியக் கிழங்கோடு கடுகும் நிறமும் கலந்தது.

ஆக, நமக்கு வேண்டியது குளிர்ந்த நீர். கிணற்றில் இருக்கிறதே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பகல் 12 மணிக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் வார்த்தால் உடம்பு சிலிர்க்கும். ஒரு போத்தலுக்குள் வெப்பமானியைப் போட்டு, கல் கட்டி, கயிற்றில் இறக்கி, அடியில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தூக்கிப் பார்த்தேன்: 28 பாகை. விடியற்காலையில் இறக்கினாலும் 28தான். நிலத்தடி நீர் அந்த ஊரின் ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பத்தைத்தான் காட்டும். வெளியே 34 பாகையில் நின்றுவிட்டு 28 இல் குளித்தால் குளிர்கிறது, அவ்வளவுதான். சிசுவோக்காவின் ஊற்று குளிர்வதற்குக் காரணம் அதன் பின்னால் நிற்கிற மலை. நம்மிடம் மலை இல்லை. அதனால் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து ஓடை செய்யும் யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

அடுத்தது மண்பானை யோசனை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமணல். மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். எவ்வளவு குளிரும் என்பதைப் பானை வாங்காமலே தெரிந்துகொள்ளலாம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி மின்விசிறிக்கு முன்னால் பிடியுங்கள். அது எந்த இடத்தில் இறங்கி நிற்கிறதோ அதுதான் ஆவியாதலால் போகக்கூடிய எல்லை. அதற்குக் கீழே எந்தப் பானையும் போகாது. சோளகம் சுழன்றடிக்கும் ஆடி மத்தியானத்தில், காற்று 34 பாகை, ஈரத்துணி 25 ஐ ஒட்டி நின்றது. மாரி நாளில் காற்றே 27 ஆக இருக்கும்போதும் ஈரத்துணி ஏறக்குறைய அதே 25 இல் நின்றது. மழைக்காலத்தில் காற்று குளிர்ந்தாலும் ஈரம் நிறைந்து கிடப்பதால் ஆவியாவது குறைந்துவிடுகிறது. எந்தப் போகத்தில் பார்த்தாலும் வன்னியில் பகலின் எல்லை 25. தக்காளியைக் கெடாமல் வைக்க அது போதும். வசாபிக்குப் போதாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பானையில் ஒரு கன்றை வைத்தேன். அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இயந்திரம் இல்லாமல் ஆகாது என்று முடிவானது. மாங்குளத்தில் ஒரு கடைக்காரர் கழித்துவிட்ட ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி மலிவாகக் கிடைத்தது. கதவுப் பிடி உடைந்திருந்தது, உள்ளே தட்டுகள் இல்லை, கம்பிரசர் மட்டும் நன்றாக ஓடியது. நமக்கு வேண்டியதும் அதுதான். செடிக்கு வீடு, முல்லைத்தீவிலிருந்து மீன் வருகிற ரெஜிபோம் பெட்டி, அதாவது சூடு புகாத வெள்ளை நுரைப் பெட்டி. மீன் வியாபாரியிடம் கேட்டால் விளிம்பு உடைந்ததைச் சும்மாவே தருவார். சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தும் மணம் முழுதாகப் போகவில்லை. செடி அதைப் பொருட்படுத்தவில்லை. பூனைகள்தான் பல நாள் சுற்றிச் சுற்றி வந்தன.

அமைப்பு இப்படி. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு வாளி மழைநீர், அதற்குள் மீன்தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டர். மோட்டர் தண்ணீரைத் தள்ளி ரெஜிபோம் பெட்டியின் ஒரு முனையில் விடும். மறுமுனையில் நிமிர்ந்து நிற்கும் அரை அங்குல பிவிசி குழாயின் வாய்க்கு மேலே ஏறுகிற தண்ணீர் அதற்குள் விழுந்து வாளிக்கே திரும்பும். திரும்பி வருவது தன் பாரத்தால் வருவதால், ரெஜிபோம் பெட்டி வாளியைவிட உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். நான் சீமெந்துக் கற்களை அடுக்கி அதன்மேல் வைத்தேன். அடியில் சல்லிக்கல், மேலே நன்றாகக் கழுவிய தடித்த மணல். கழுவுவது என்றால் வாளியில் கலங்கல் அறவே நிற்கும்வரை கழுவ வேண்டும்; களி இருந்தால் வேருக்கு மூச்சு முட்டும். நீர்மட்டம் மணலின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்குமாறு அந்தக் குழாயை வெட்டினேன். குழாயின் வாய்க்குப் பழைய நுளம்பு வலைத் துண்டு. அது அடைபட்டால் மேலே பெட்டி வழிந்து, கீழே வாளி வற்றி, மோட்டர் கருகும். கிழமைக்கு ஒருமுறையாவது அந்த வலையை எடுத்து அலச வேண்டும்.

துளை போடும் இடம்தான் இந்த வேலையிலேயே ஆபத்தானது. பல குளிர்சாதனப் பெட்டிகளில் வாயு ஓடும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே துரப்பணத்தை வைத்தால் ஒரு சீறலோடு பெட்டி பழைய இரும்பாகிவிடும். கதவுக்குள் அந்தக் குழாய்கள் வருவதில்லை. எனவே கதவில் இரண்டு துளை: ஒன்று போக, ஒன்று வர. இடைவெளியை சிலிக்கன் பசையால் அடைத்தேன். பனி உறையும் தட்டை வளைத்து வாளிக்குள் இறக்கலாம் என்று சொன்ன ஒருவரின் பேச்சைக் கேட்கவில்லை. வளைக்கும்போது வெடித்தால் முடிந்தது கதை. அதற்குப் பதிலாகப் பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி ஒன்றை உள்ளே தொங்கவிட்டேன். உறையறையின் குளிர்க்காற்றை அது வாளியின் மேல் ஊதிக்கொண்டே இருக்கும். விசிறி இல்லாமல் வாளி குளிரவே மறுத்தது.

குளிர்சாதனப் பெட்டியின் குளிரைக் கூட்டும் திருகியை உச்சத்தில் வைத்துவிட்டு, மின்சாரத்தை ஒரு டிஜிட்டல் வெப்பக் கட்டுப்படுத்தி வழியாகக் கொடுத்தேன். மீன்தொட்டிச் சாமான் விற்கிற இடங்களில் இது கிடைக்கும். அதன் உணர்முனை வேர் இருக்கும் மணலுக்குள். 16 பாகைக்கு இறங்கினால் கம்பிரசர் நிற்கும், 18 க்கு ஏறினால் ஓடும். நின்ற கம்பிரசர் உடனே திரும்ப ஓடக் கூடாது, எரிந்துவிடும். கட்டுப்படுத்தியில் 5 நிமிடத் தாமதம் வைக்கும் வசதி இருக்கிறது, அதை மறக்காமல் வையுங்கள். மோட்டர் மட்டும் ஓயாமல் ஓடும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நில இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, குளிர்சாதனப் பெட்டி தன் சூட்டையெல்லாம் முதுகுப்பக்கம் கக்கும். அதைச் செடியின் நிழல் கூட்டுக்குள் வைத்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கின கணக்குத்தான். எங்களுடையது குசினிப் பின்சுவரோடு, கூரைத் தாழ்வாரத்தின் கீழ் நிற்கிறது. செடி சுவருக்கு அந்தப் பக்கம், மாமர நிழலில். இடையில் ஓடும் குழாய்களுக்கு ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு உறையைச் சுற்றினேன். பஞ்சோ துணியோ சுற்றினால் நம் காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் படிந்து ஊறி, சுற்றியதும் சுற்றாததும் ஒன்றாகிவிடும். உறை போட்ட பிறகும் இணைப்பு முனைகளில் துளி கட்டும். கோடையில் வளவு முழுக்கக் காய்ந்து கிடக்கையில், அந்த முனைகளுக்கு எறும்புகள் வரிசையாக வந்து, ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் தலையை வைத்து வட்டமாக நின்று குடித்துவிட்டுப் போகும். அவற்றை நான் கலைப்பதில்லை.

கன்றுகள் நுவரெலியாப் பக்கத்தில் குளிர்ப்பயிர் செய்யும் நண்பர் பிரித்துத் தந்த பக்கக் கன்றுகள். ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஐஸ் போத்தலோடு பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் கொண்டுவந்தேன். வெளிநாட்டு உறவினரின் பயணப் பெட்டியில் கன்று வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. விதை வாங்குவதும் வீண். வசாபி விதை காய்ந்தால் உயிர் போய்விடும்; காய்ந்த விதையாகப் பொட்டலத்தில் வருவது வசாபியாகவே இருந்தாலும் முளைக்காது.

நட்டது கார்த்திகை மழை பிடித்த பிறகு. தண்ணீர் மழைநீர் மட்டும். எங்கள் கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். அவ்வளவு சுண்ணாம்பு வசாபிக்கு ஒத்துவராது. கூரை நீரை மாரியில் தாங்கியில் பிடித்து, வாய்க்கு நுளம்பு வலை கட்டி வைத்தால் ஆண்டு முழுவதற்கும் இந்தச் சின்ன அமைப்புக்குப் போதும். உரமாக, கரையும் கலப்பு உரத்தை உறையில் சொன்ன அளவில் காற்பங்கு. கூடவே ஒரு சிட்டிகை எப்சம் உப்பு. அது மக்னீசியம் சல்பேட்டு. வசாபியின் காரம் கந்தகத்தால் ஆனது, கந்தகம் குறைந்தால் இலை பச்சையாக இருக்கும், உறைப்பு இருக்காது.

மார்கழியிலும் தையிலும் ஒரு தொல்லையும் இல்லை. இரவு 21, 22 பாகைக்கு இறங்கியது, கம்பிரசர் பாதி நேரம் ஓய்ந்து கிடந்தது. இதய வடிவ இலைகள் நீண்ட காம்பில் ஒவ்வொன்றாக எழும்பி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. பார்க்க வந்தவர்கள் வல்லாரையைக் கொழுக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். பானையில் இருந்த கன்றும் அதுவரை சளைக்காமல் கூடவே வளர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி வீண் செலவோ என்று எனக்கே தோன்றிய மாதங்கள் அவை.

மாசி கழிந்ததும் கணக்கு மாறியது. பானையின் உள்மணல் 27 க்கு ஏறிய சில நாட்களிலேயே அந்தக் கன்றின் கழுத்து கறுத்துக் குழைந்தது. கிள்ளிப் பார்த்தால் அழுகின கோவா மணம். பிடித்துத் தூக்கினால் இலைகள் வேரை மண்ணில் விட்டுவிட்டுக் கையோடு வந்தன. 15 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்து நிற்கும்; 28 பாகையில் அது 8 க்கும் கீழே போய்விடும். வேருக்கு மூச்சு குறைகிற அதே நேரத்தில் அழுகல் பக்டீரியாவுக்கு அந்தச் சூடு கொண்டாட்டம். இரண்டும் சேர்ந்தால் செடி நிற்காது.

ரெஜிபோம் பெட்டிச் செடிகள் நின்றன. ஆனால் நிம்மதியாக நிற்கவில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் வரும். நண்பகலில் கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். மேற்கில் கட்டிய கிடுகு அப்போது உதவாது, மேலே இருந்த நிழல் வலையை இரட்டிப்பாக்கினேன். அப்படியும் 11 மணிக்கே இலைகள் மழை விட்டபின் மடக்கிய குடை மாதிரித் தொங்கின. வேரில் 18 பாகைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் தொங்கின. முதல் தடவை பார்ப்பவர்கள் உடனே தண்ணீர் ஊற்றப் போவார்கள், ஊற்றக் கூடாது. அது தாகத்தால் வாடியதன்று, காற்றின் சூட்டுக்கு இலை காட்டும் எதிர்ப்பு. பொழுது சாய்ந்ததும் தானாக நிமிரும். நிமிராத இலையை மட்டும் காம்போடு கிள்ளி எடுத்துச் சமையலுக்குக் கொடுத்துவிடுவேன். அந்த மாதங்களில் பிற்பகலில் மணல் 19 வரை ஏறியது, கம்பிரசர் நிற்கவே இல்லை. புது இலைகள் சிறுத்துப் போயின. ஆவணி வரை அதே நிலை.

மின்தடைக்கு மருந்து, உறையறையில் எப்போதும் கிடக்கும் ஐஸ் போத்தல்கள். மின்சாரம் போனதும் அவற்றை ரெஜிபோம் பெட்டியின் மணலில் செருகி மூடியைப் போட்டுவிடுவோம். சில மணி நேரத் தடையைச் செடி உணராது. மூடி என்றால் பெட்டியோடு வந்த அதே ரெஜிபோம் மூடிதான். காம்புகள் வெளியே வர வட்டமாக வெட்டியது. அது இல்லாமல் மணல் திறந்து கிடந்தால் 16 பாகை கனவு.

பூச்சி என்று பார்த்தால், கோவாவைத் தின்பதெல்லாம் இதையும் தின்னும். தொட்டால் நூலில் தொங்கிக் கீழே இறங்கும் சின்னப் பச்சைப் புழு, இலையின் அடியில் அப்பிக் கிடக்கும் அழுக்கணவன், ஈரத்துக்கு வரும் நத்தை. நுளம்பு வலையால் கூடு கட்டியபின் பாதி குறைந்தது, மீதி கையால் பொறுக்கல். இலையைப் பச்சையாக உண்பதால் மருந்து அடிப்பதில்லை. மயில் வலையைக் கண்டு வராது. குரங்கு வந்து ஒரு இலையைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டுத் துப்பியது. அதன்பின் அந்தப் பக்கம் அக்கறை காட்டவில்லை.

இலையும் காம்பும் உண்ணும் விதம். யப்பானில் கிழங்கைத்தான் உயர்வாகப் பேசுவார்கள், ஆனால் இலை, காம்பு, பூ மூன்றையும் ஊறுகாய் போடுகிறவர்களும் அவர்களே. (இங்கே பூவைப் பார்க்கவே முடியவில்லை.) காரம் செடிக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. சினிகிரின் என்ற பொருள் ஒரு பக்கம், மைரோசினேஸ் என்ற நொதியம் இன்னொரு பக்கம். வெட்டும்போதும் நசுக்கும்போதும் இரண்டும் கலந்துதான் காரம் பிறக்கிறது. பிறந்த காரம் ஆவியாகி ஓடிவிடும், கால் மணி நேரத்தில் பாதி போய்விடும். கொதிநீர் பட்டால் நொதியம் செத்து வெறும் கீரையாகிவிடும். எனவே காம்பையும் இலையையும் ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, உப்பும் சிறிது சீனியும் போட்டுக் கசக்கி, 70, 80 பாகைச் சுடுநீரை ஊற்றி உடனே வடித்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் அடைத்துக் குலுக்கி வைக்க வேண்டும். சூடு ஆறிய பின் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு. மறுநாள் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நந்திக்கடல் இறாலைச் சும்மா உப்பில் அவித்து, இதைப் பக்கத்தில் வைத்து உண்டோம். மிளகாய்க் காரம் நாக்கில் உட்கார்ந்துவிடும். இது நாக்கைத் தொட்டும் தொடாமல் மூக்குத்தண்டில் ஏறி, கண்ணில் நீரைக் கொண்டுவந்து, நாம் சமாளிக்கத் தொடங்கும்முன் இறங்கிவிடும். அம்மா ஒரு துண்டை மென்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது அச்சாற்றுக்கு அரைக்கிற கடுகுதானே தம்பி" என்றார். இவ்வளவு செலவழித்தவனிடம் சொல்கிற பேச்சா அது! ஆனால் அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. கறுப்புக் கடுகிலும் இருப்பது அதே சினிகிரின். கடுகைப் பச்சைத் தண்ணீரில் அரைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்தால் எழும் அல்லைல் ஐசோதயோசயனேற்றுத்தான் வசாபியின் மூக்குக் காரமும். இரண்டையும் அருகருகே வைத்து முகர்ந்தால் வசாபியில் பச்சிலை நறுமணம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது. அதைத் தருவது கடுகில் இல்லாத இன்னொரு வகை ஐசோதயோசயனேற்று. நான் கட்டுகிற மின்சாரப் பணம் அந்த ஒரு மணத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரம் மட்டும் வேண்டுமென்றால் கடுகு போதும். முருங்கை வேரிலும் இதே இனத்துக் காரம் உண்டு, வெள்ளைக்காரர் அதைக் குதிரை முள்ளங்கிக்குப் பதிலாக அரைத்து உண்டார்கள். ஆனால் அந்த வேர்ப்பட்டையில் நஞ்சும் இருப்பதால் நான் அதைச் சாப்பாட்டுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, மாரியில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், சித்திரை வைகாசியில் இரண்டை எட்டும். வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். கூரையில் சூரியத் தகடு இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பொருந்தும். வெயில் கொளுத்துகிற அதே நேரத்தில்தான் கம்பிரசரும் அதிகம் ஓடுகிறது.

தாய்ச்செடிகளின் அடியில் இப்போது பக்கக் கன்றுகள் தடித்திருக்கின்றன. வாடை தொடங்கியதும் பிரிக்கப் போகிறேன். கேட்பவர்களுக்குக் கொடுப்பேன், ஒரு நிபந்தனை உண்டு: முதலில் பெட்டியையும் வாளியையும் பூட்டி, செடி இல்லாமல் வெறும் மணலை ஒரு கிழமை 16 பாகையில் ஓட்டி, கட்டுப்படுத்தியின் இலக்கத்தை நண்பகலில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 20 ஐத் தாண்டினால் கன்று கிடையாது.